மெல்லப் போகத் தெரியாத அமரர் ஊர்தி

மெர்வின் பெங்கல்லிக்கு முதுகு வலிக்காத நேரம் இரண்டே இரண்டு. கண்ணாடி முன்னால் நின்று தன் உயரத் தொப்பியைச் சரிசெய்துகொள்ளும் நேரம் ஒன்று. தன் கறுப்பு ஜெர்மன் வண்டியைத் துடைக்கும் நேரம் இன்னொன்று. மற்ற நேரமெல்லாம் வலிக்கும். பிணம் தூக்க வேண்டும் என்றால் உயிரே போகிற மாதிரி வலிக்கும். ஆனால் தெற்கு ஆஸ்திரேலியாவில் வாரக்கூனா என்ற அந்தச் சின்ன ஊரில் சாவுக் காரியங்களை எடுத்துச் செய்யும் கடை அவனுடையது ஒன்றுதான். தூக்காமல் பிழைப்பு நடக்காது. அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் ஆளாகக் கால் பக்கம் போய் நின்றுகொள்வான். தலையும் தோளும் நெஞ்சுமாகக் கனமெல்லாம் சேர்ந்திருக்கிற மறுபக்கத்தை அவன் மனைவி கிளெனிஸ் பிடிக்க வேண்டும்.

முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தாள். கோதுமைப் பண்ணையில் வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஆட்டைக் கவிழ்த்துப் போட்டு ரோமம் வெட்டிய உடம்பு, அதனால் தாங்கியது. ஆனால் அவளுக்கு இந்தத் தொழிலில் பிடித்த வேலை வேறு. செத்துப்போன கிழவிகளுக்குத் தலை வாரிவிடுவாள். சும்மா வாருவதில்லை. அந்தக் கிழவி உயிரோடு இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு முடியை எப்படிச் சுருட்டி, எந்தப் பக்கம் வகிடெடுத்து வந்தாளோ அப்படியே கொண்டுவந்துவிடுவாள். மகள்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, “ஐயோ, அம்மாவேதான்” என்று அழுவார்கள். அந்த அழுகைதான் அவளுக்குச் சம்பளம். மெர்வின் வேறு சம்பளம் கொடுத்ததும் இல்லை.

கடைசியில் வலது தோள் போயிற்று. பக்கத்து ஊரான மில்பராவில் டாக்டர் எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

“இனிமே தூக்கினா இந்தத் தசைநார் முழுசா அறுந்துடும் கிளெனிஸ். அப்புறம் சீப்புகூடப் பிடிக்க முடியாது.”

“தூக்காம எப்படி டாக்டர்? செத்தவங்க நடந்தா வருவாங்க?”

“ரோண்டா ஷிர்மர் ஒரு மெஷின் வெச்சிருக்காளே, பாத்ததில்லையா?”

பார்த்திருந்தாள். ரோண்டா ஷிர்மர் மில்பராவில் இதே தொழில் செய்பவள், பழைய நர்ஸ். அவளிடம் சக்கரம் வைத்த ஒரு தூக்கும் மெஷின் இருந்தது. உடம்புக்கு அடியில் பட்டையைக் கொடுத்து, பட்டனை அமுக்கினால் போதும். நூற்றிருபது கிலோ மனிதனைக்கூடப் பதமாகத் தூக்கி, பதமாக இறக்கும். ஒரு நாள் அதைச் சும்மா இயக்கிப் பார்த்துவிட்டு வந்து கிளெனிஸ் இரண்டு நாள் வேறு பேச்சே பேசவில்லை. அந்த மெஷினுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். அது வந்தால் தோள் பிழைக்கும், தோள் பிழைத்தால் சீப்பு பிடிக்கலாம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

“இந்த வருஷம் வாங்கிடலாம் கிளென்,” என்றான் மெர்வின். அந்த வருஷம்தான் வண்டி வந்தது.

இந்தத் தொழில்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை அடிலெய்டில் கூடி, ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு வறுத்த ஆட்டுக்கறி சாப்பிடுவார்கள். அங்கேதான் மெர்வின் அதைப் பார்த்தான். நீளமான கறுப்பு ஜெர்மன் வண்டி, பக்கமெல்லாம் கண்ணாடி, உள்ளே பெட்டி வைக்கிற இடத்தில் மெல்லிய நீல விளக்கு. நகரத்துப் பெரிய கம்பெனி ஒன்று அதை விற்றுக்கொண்டிருந்தது. வாரண்டி முடியப்போகிற மாதத்தில் விவரமான ஆள் ஒருவன் பளபளவென்ற வண்டியைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறான் என்றால், ஏனப்பா என்று கேட்கச் சாதாரண மனிதனுக்கு வாய் வரும். மெர்வினுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர்களை ஏமாற்றிவிட்டதாக வேறு நினைத்துக்கொண்டு, விலையில் பேரமே பேசாமல் கையெழுத்துப் போட்டான்.

அப்பா காலத்து உள்ளூர் வண்டியை, ஊர் மெக்கானிக் ஆல்ஃப் ஒரு ஸ்பேனரையும் வேலிக் கம்பியையும் வைத்தே இருபது வருஷம் ஓட்டிக் காட்டிய வண்டியை, கடலில் பலகைமேல் நின்று அலைச்சறுக்கு ஆடப் போகிற பையன் ஒருவனிடம் விற்றுவிட்டான். பலகைகளை நீட்டிப் போட வசதியாக இருக்கிறது என்று அந்தப் பையன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனான். அது இன்னும் ஓடுகிறது.

புது வண்டி வந்த அன்று ஊர் அதற்கு மரியாதை செய்தது, தன் வழக்கப்படி. பப் வாசலில் நின்றவர்கள், “யாருப்பா செத்தது, ஜெர்மனி ராஜாவா?” என்றார்கள். ஹெட்டி நோஸ்கே என்ற கிழவி, மளிகைப் பையைக் கீழே வைத்துவிட்டு வண்டியை முன்னும் பின்னும் பார்த்தாள். மெர்வின் டவுசர் போட்ட காலத்திலிருந்து அவனைத் தெரிந்தவள் அவள்.

“எங்க தாத்தா இந்த மாதிரி பந்தா பண்றவங்க தொல்ல தாங்காமத்தான் ஜெர்மனிய விட்டுக் கப்பல் ஏறினாரு. நீ காசு குடுத்து இங்க வரவழைச்சிருக்கியேடா மெர்வின்.”

“போற உயிருக்கு ஒரு கௌரவம் வேணாமா ஹெட்டி?”

“போன உயிருக்கு எதுக்குடா ஏசி?”

மெர்வின் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தான். முதுகு வலிக்கவில்லை.

முதலில் போனது பேட்டரி. உலகத்தில் எல்லா வண்டிக்கும் பேட்டரி போகும். கடையில் வாங்கி மாட்டினால் ஓடும். ஆல்ஃபும் அப்படித்தான் மாட்டினான். வண்டி புது பேட்டரியை ஏற்றுக்கொள்ளவில்லை. அடிலெய்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஒருவர் இந்த பேட்டரி இன்னார் என்று முறைப்படி வண்டிக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டுமாம். சம்பந்தம் பேசுவதற்குக்கூட இவ்வளவு சம்பிரதாயம் கிடையாது. ஆல்ஃப் பானெட்டைத் திறந்து பார்த்தான். உள்ளே எஞ்சின் தெரியவில்லை, கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரிந்தது. மெதுவாகச் சாத்திவிட்டு, “இது நமக்கு ஒத்து வராது மெர்வ். இதுக்கு டை கட்டின ஆளத்தான் கூப்பிடணும்,” என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு சாவி. மிஸஸ் டாங்கினை அடக்கம் செய்யும்போது, குழி ஓரத்தில் குனிந்து வணங்கிய மெர்வினின் கோட்டுப் பையிலிருந்து சாவி நழுவிப் பெட்டிக்கும் மண்ணுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாராவது எடுத்துக் கொடுத்திருப்பார்கள். மெர்வின் சொல்வானா? சாவுச் சடங்கை நடத்தித் தருகிற மனிதன் குழிக்குள் சாவி தேடுவதாவது! வாயை மூடியபடி நின்று, முதல் பிடி மண்ணை அவனே போட்டான். கிளெனிஸ் வெயிலில் வீடு வரைக்கும் நடந்து இன்னொரு சாவியைக் கொண்டுவந்தாள். புதுச் சாவி ஜெர்மனியிலிருந்து வர இரண்டு மாதம் ஆயிற்று; அதன் விலைக்கு நல்ல ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கலாம்.

அதற்குப் பிறகு முன்பக்கத்துக் காற்று ஸ்பிரிங். சாதாரண வண்டிக்கு இரும்பில் இருப்பதை இவர்கள் காற்றில் வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், வண்டி முன்னங்காலை மடக்கிய ஒட்டகம் மாதிரி மூக்கைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. மெஷினுக்கென்று கிளெனிஸ் சேர்த்துவைத்திருந்த பணம் அந்த ஸ்பிரிங்குக்குள் போயிற்று.

“அடுத்த வருஷம் கிளென். சத்தியமா.”

“போன வருஷமும் இதான் சொன்ன.”

“போன வருஷம் பேட்டரி. அதுல என் தப்பு என்ன இருக்கு?”

பின்னால் நடந்ததெல்லாம் ஒரே மாட்டை மறுபடி மறுபடி கறந்த கதைதான். இங்கே கறந்தது மாடு, கறக்கப்பட்டது மெர்வின். இதையெல்லாம்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தக் கரி வடிகட்டி.

ஒரு நாள் முன்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. இரண்டு சாவு கழித்து வண்டி சக்தி இழந்து முனகத் தொடங்கியது. அடிலெய்டு சர்வீஸ் சென்டரில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு பையன் காப்பி கொடுத்து உட்காரவைத்தான். அந்தக் காப்பிக்கும் பில்லில் பங்கு உண்டு என்று கிளெனிஸுக்குத் தெரியும். அதனால் இரண்டு கோப்பை குடித்தாள்.

“வண்டிய எவ்ளோ வேகத்துல ஓட்டுவீங்க சார்?”

“நடக்கற வேகம். நான் முன்னாடி நடப்பேன், அது பின்னாடி வரும்.”

“எப்பவுமேவா?”

“பொண வண்டி தம்பி. ரேஸா விட முடியும்?”

பையன் பொறுமையாக விளக்கினான். டீசல் புகையில் வருகிற கரியை ஒரு வடிகட்டி பிடித்துவைக்கும். வண்டி நெடுஞ்சாலையில் வேகமாக ஓடினால் அந்தச் சூட்டில் கரி தானாக எரிந்துவிடும். ஊர்ந்துகொண்டே இருந்தால் எரியாது, அடைத்துக்கொள்ளும்.

“வாரத்துக்கு ஒரு தரம், நூத்திப்பத்துல அரை மணி நேரம் விடுங்க சார். அவ்ளோதான் வைத்தியம்.”

“காலி வண்டியா ஓட்டினாப் போதுமா?” என்றாள் கிளெனிஸ்.

“போதும்மா. டீசல் செலவுதான்.” பையன் ஏதோ யோசித்து நெற்றியைச் சுருக்கினான். “ஆமா, உங்க ஊர்லேர்ந்து இங்க வரவே மூணு மணி நேரம் ஹைவேதானே? விளக்கு எரிஞ்ச உடனே ஓட்டிட்டு வந்திருந்தா பாதி வழியிலேயே சரியாகியிருக்குமே?”

கிளெனிஸ் மெர்வினைப் பார்த்தாள். மெர்வின் கூரையைப் பார்த்தான். வண்டி ஓடி வரவில்லை. லாரியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடி, படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தான். பேட்டரிக்கும் அப்படித்தான், ஸ்பிரிங்குக்கும் அப்படித்தான். போகும்போதும் லாரி, வரும்போதும் லாரி. அமரர் ஊர்தி நெடுஞ்சாலையில் ஆட்டு லாரிகளோடு போட்டி போட்டு ஓடினால் பெங்கல்லி குடும்பத்துக்கு இழுக்காம். லாரிக்காரனுக்கு அந்த வருஷம் கொடுத்ததை வைத்து அவன் பாலித் தீவுக்குக் குடும்பத்தோடு போய்வந்தான்.

திரும்பும் வழியில், கிளெனிஸின் பழைய வேனில், அவள் பேசினாள்.

“வியாழக்கிழமை தோறும் நானே ஓட்டிட்டு வரேன். அரை மணி நேரம். உனக்கு ஒரு வேலையும் இல்ல.”

“பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? பொண வண்டி பிச்சிக்கிட்டுப் பறக்குதுன்னு சிரிப்பாங்க.”

“இப்ப மட்டும் அழறாங்களா?”

“எங்கப்பா நாப்பதத் தாண்டி ஓட்டினதே இல்ல கிளென்.”

“உங்கப்பா வண்டியில வடிகட்டியும் இல்ல, உங்கப்பாவுக்கு முதுகு வலியும் இல்ல. தலைப் பக்கம் அவரேதான் பிடிப்பாரு.”

மெர்வின் தன் வறட்டு கௌரவத்தை விடவில்லை. வண்டியும் தன் பங்குக்கு விடவில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை விளக்கு எரியும், லாரி வரும், அடிலெய்டில் கரியை எரித்துக் கொடுத்து பில்லை நீட்டுவார்கள். நெடுஞ்சாலையில் சும்மா நடக்கிற காரியத்துக்குக் காசு கொடுத்த ஒரே ஆள் தெற்கு ஆஸ்திரேலியாவில் அவனாகத்தான் இருப்பான். மெஷின் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷத்துக்குப் போயிற்று. கிளெனிஸ் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு தலைப் பக்கம் தூக்கினாள். இதில் அவள்மேலும் தப்பு உண்டு. அவள் என்றைக்கோ கையை எடுத்திருக்க வேண்டும்.

கிளாரி நோஸ்கே செத்தது இந்த நிலைமையில்தான். ஹெட்டியின் புருஷன், அறுபது வருஷம் ஊர் ஃபுட்பால் கிளப்பில் ஆடி, ஆடவைத்து, கோடு போட்டு, கழிவறை கழுவியவன். அப்படிப்பட்டவனைச் சும்மா புதைக்க மாட்டார்கள். பெட்டியை மைதானத்துக்குக் கொண்டுபோய், எல்லையை ஒட்டி ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுத்தான் கல்லறைக்குப் போவார்கள். கடைசிச் சுற்று என்று அதற்குப் பேர்.

காலையில் வண்டியை எடுக்கும்போதே விளக்கு எரிந்தது. கிளெனிஸ் சொன்னாள்.

“மெர்வ், ஆரஞ்சு எரியுது. நேத்தும் எரிஞ்சுது.”

“ஒரு சுத்துதானே. தாங்கும்.”

“மெதுவாப் போற ஒரு சுத்துதான் தாங்காது. அந்தப் பையன் படிச்சுப் படிச்சுச் சொன்னானே!”

மெர்வின் தொப்பியைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டான். பேச்சு முடிந்தது.

மைதானத்தில் ஊரே நின்றது. கோதுமை அறுவடைக்கு நடுவில் எந்திரங்களை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் கிளப் ஜெர்சியில் இரண்டு வரிசையாக நின்றார்கள். மெர்வின் உயரத் தொப்பியும் கைத்தடியுமாக வண்டிக்கு முன்னால் நடக்கத் தொடங்கினான். இந்த நடைக்கு ஒரு முறை இருக்கிறது: அளந்து அடி வைக்க வேண்டும், முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது, எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்க்கிறவன் வண்டிக்கு வழிகாட்டுகிற ஆள், பார்க்காதவன்தான் சடங்கை நடத்துகிறவன் என்பது மெர்வினின் கொள்கை. அவனுக்குப் பின்னால் கிளெனிஸ் வண்டியை ஓட்டினாள். பெட்டிமேல் கிளாரியின் பழைய ஜெர்சி கிடந்தது. அடுத்த காரில் ஹெட்டி.

ஸ்கோர் போர்டு தாண்டியதும் விளக்கு சிவப்பாயிற்று. ஏதோ மணி அடித்தது. கிளெனிஸ் மிதித்துப் பார்த்தாள். வண்டி ஒருமுறை பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது.

மெர்வின் நடந்தான்.

ஹாரன்மேல் கை வைத்தாள் கிளெனிஸ். அடித்தால் சாவில் ஹாரன் அடித்தவள் என்று பேச்சு வரும். ஆனால் அவள் கையை எடுத்ததற்குக் காரணம் அதல்ல. எவ்வளவு தூரம் போகிறான் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. அப்படி ஒரு ஆசை வந்ததற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

நிறைய தூரம் போனான். பச்சைப் புல்லில் ஒற்றை ஆளாக, பிணம் இல்லாத ஊர்வலத்தை மிடுக்காக நடத்திக்கொண்டு போனான். வரிசையாக நின்றவர்கள் அவன் கடந்துபோகத் தலை குனிந்தார்கள். குனிந்த தலை நிமிர்ந்தபோது பின்னால் ஒன்றும் வரவில்லை. சாவு என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு ஆட்டக்காரன் ஜெர்சியைப் பல்லால் கடித்துக்கொண்டான். மைதானத்தின் மறுகோடியில், கோல் கம்பங்களுக்குப் பக்கத்தில் அவன் போய்ச் சேர்ந்தபோது, ஹெட்டி காரிலிருந்து இறங்கிப் போட்ட சத்தம்தான் அவனை நிறுத்தியது.

“டேய் மெர்வின்! கிளாரிய எங்கடா விட்டுட்டுப் போற?”

அவன் திரும்பினான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஓடினான்; ஓடும்போது தொப்பி விழுந்தது, அதை எடுக்கக் குனிந்தபோது முதுகு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. மைதானம் வெடித்துச் சிரித்தது. அதில் முதலில் சிரித்தவள் ஹெட்டிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்குள் அவள் மகன் லீத் தன் பண்ணை வண்டியைப் புல்மேல் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பின்னால் திறந்த தட்டு, ஆட்டு வாசனை, இறங்க மறுத்த ஒரு நாய். ஆறு ஆட்டக்காரர்கள் பெட்டியைத் தூக்கி அதில் வைத்தார்கள். நாய் பெட்டியோரம் படுத்துக்கொண்டது. கிளாரி நோஸ்கே மிச்சச் சுற்றைச் சுற்றிவந்தபோது ஊர் கைதட்டியது. ஜெர்மன் வண்டி நடு வெயிலில் நீல விளக்கோடு நின்றது. ஊர்வலம் அதை வளைத்துக்கொண்டு போயிற்று.

அடிலெய்டிலிருந்து மதிப்பீடு வந்தது. வடிகட்டி மொத்தமாகப் போய்விட்டது, கூடவே எஞ்சினுக்குக் காற்று ஊதுகிற டர்போவும். அந்தத் தொகைக்கு மெஷின் வாங்கலாம். வாங்கியது போக மீதியில் ஒரு நல்ல வேனும் வாங்கலாம். சமையலறை மேஜையில் கிளெனிஸ் இரண்டு தட்டில் குளிர்ந்த ஆட்டுக்கறியும் பீட்ரூட்டும் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“வித்துடு மெர்வ்.”

“யார் வாங்குவா, இந்த நிலைமையில? சரிபண்ணினாத்தான் விலை போகும்.”

“சரிபண்ணினா விப்பியா?”

அவன் பீட்ரூட்டை வெட்டினான். “சரியாயிட்டா எதுக்கு விக்கணும்?”

“என் தோளு?”

“ஆஸ்பத்திரியில வரிசையில பேர் குடுத்து வைக்கலாம் கிளென். அது இலவசம்தானே. அடுத்த வருஷம்...”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட ஒரு மனிதன் எதிரில் இருக்க வேண்டும். இத்தனை வருஷமாக ஒரு தொப்பியோடும் ஒரு பில்லோடும் குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்று அவளுக்கு அந்த பீட்ரூட் மேஜையில் தெளிவாகத் தெரிந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். மறுநாள் காலையில் சாண்ட்விச் கட்டிக்கொண்டு, வேனை எடுத்துக்கொண்டு மில்பராவுக்குப் போய், ரோண்டா ஷிர்மரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டாள். வீடு அவளுடையதும்தான், அதை எதற்கு விட வேண்டும்?

முதல் வாரமே மெர்வின் போன் செய்தான்.

“கிளென், ஹாஸ்டல் தெருவுல ஒரு பாடி. பெரிய உடம்பு. தலைப் பக்கம் பிடிக்க ஆள் இல்ல.”

“உன் வண்டியில சீட்ட நகர்த்தவே நாலு மோட்டார் இருக்கே. அதுல ஒண்ணக் கேளு.”

வண்டி சரியாகி வந்தது, லாரியில்தான். ஆனால் இந்தத் தடவை அந்த மடிப்புச் சட்டைப் பையன் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தான்: மறுபடி அடைத்தால் எஞ்சினே போய்விடும். இந்த பில்லுக்கே கையில் இருந்ததை விற்றாயிற்று, இனி விற்க ஒன்றும் இல்லை. பெங்கல்லி கௌரவம் கடைசியில் அந்த பில்லுக்குப் பயந்தது. வியாழக்கிழமைதோறும் மெர்வின் தொப்பியைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, காலி அமரர் ஊர்தியை மில்பரா சாலையில் நூற்றிப்பத்தில் விரட்டினான். பப் வாசலில் வியாழக்கிழமை கூட்டம் கூடியது.

“யாருக்குடா இவ்ளோ அவசரம்?”

“சாகறதுக்கு முன்னாடியே புதைச்சுடணும்னு பாக்கறான் போல!”

சாவு வந்த வீட்டுக்காரர்கள், “பண்ணை வண்டி கிடைக்குமா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். கேட்காதவர்கள் நேராக மில்பராவுக்கு போன் செய்தார்கள்.

அடுத்த இளவேனிலில் ஹெட்டி நோஸ்கே தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். காரியத்தை ரோண்டாவிடம் கொடுக்க வேண்டும், தலையை கிளெனிஸ்தான் வார வேண்டும் என்று முன்கூட்டியே மகனிடம் சொல்லிவைத்திருந்தாள். மெஷின் அவளைப் பதமாகத் தூக்கி மேஜைமேல் வைத்தது. கிளெனிஸ் அரை நாள் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சுருளாகச் சுருட்டி, இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாக விட்டாள். லீத் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

அடக்கம் வாரக்கூனாவில், கிளாரிக்குப் பக்கத்தில். ரோண்டாவின் வெள்ளை வேன்தான் அமரர் ஊர்தி. ஓட்டியவள் கிளெனிஸ், பக்கத்தில் லீத், பின்னால் பத்துப் பதினைந்து கார்கள். நெடுஞ்சாலையில் அறுபதில் போனார்கள். இருபுறமும் பச்சைக் கோதுமை. எதிரில் வந்த லாரிகள் ஓரம் கட்டி நின்றன. ஓட்டுநர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

பக்கக் கண்ணாடியில், தொலைவில், கறுப்பாக ஒன்று பறந்து வந்தது. கிளெனிஸுக்கு அன்று வியாழக்கிழமை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வந்த வேகத்தில் அது கடைசிக் காரின் பின்னால் பிரேக் போட்டு மூக்கைக் குத்திக்கொண்டது. சாவு ஊர்வலத்தை முந்தக் கூடாது. அவசரத்தில் முந்திப்போன டிராக்டர் பையன் ஒருவனை அவன் வீடுவரை போய்க் காறித் துப்பாத குறையாகத் திட்டிவிட்டு வந்தவன் இந்த மெர்வின். மண் பாதையில் திரும்பலாம். திரும்பினால் வண்டிமேல் புழுதி படியும். அவன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டான்.

லீத் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். “அந்தாளு ஏன் நம்ம பின்னாடியே வர்றான் கிளென்?”

“வரல. போக முடியல.”

அடுத்த லாரிக்காரன் ஹெட்டிக்குத் தொப்பியைக் கழற்றினான். கார்கள் கடக்கும் வரை கையில் வைத்திருந்து, போட்டுக்கொள்ளப் போனவன், கடைசியில் இன்னொரு அமரர் ஊர்தியைக் கண்டதும் அவசரமாக மறுபடி கழற்றினான். உள்ளே நீல விளக்கின் கீழ் ஒன்றுமே இல்லை. மெர்வின் பழக்க தோஷத்தில் தலையசைத்து ஏற்றுக்கொண்டான். அவன் முன்னால் ஆரஞ்சு நிறத்தில் என்ன எரிந்துகொண்டிருக்கும் என்று கிளெனிஸுக்குப் பார்க்காமலே தெரியும். கரி எரியத் தொடங்கி, வேகம் குறைந்து பாதியில் நின்றுபோவதுதான் இருப்பதிலேயே மோசம் என்று அந்தப் பையன் சொன்னதும் ஞாபகம் இருந்தது.

வெயில் கண்ணில் அடித்தது. அவள் வலது கையை உயர்த்தித் தலைக்கு மேலிருந்த மறைப்பை இறக்கிவிட்டுக்கொண்டாள். கை தடையில்லாமல் ஏறி இறங்கியது.

“அம்மாவுக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே லீத்?”

லீத் இன்னொரு தடவை கண்ணாடியைப் பார்த்தான். “ஒரு அவசரமும் இல்ல.”

கிளெனிஸ் மிதித்திருந்த காலை மெல்ல எடுத்து, அறுபதை முப்பதுக்கு இறக்கினாள்.